மலைத் திருத்தலத்து ஊற்று: போவது, குடிப்பது, வீட்டுக்கு எடுத்து வருவது

பயணப்பை:
மலைமேல் அல்லது மலையடியில் மாதா கெபியும் (மாதாவுக்கான குகைக்கோயில்) அதை ஒட்டி இயற்கை ஊற்றும் உள்ள திருத்தலங்களுக்குப் போகிறவர்களுக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். பிரான்சின் லூர்து, சலேத் போன்ற பெயர்பெற்ற இடங்களுக்கும் பொருந்த வேண்டும், யாரும் அதிகம் அறியாத சிறு கெபிகளுக்கும் பொருந்த வேண்டும். கேள்விகள் இவை: ஊற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா? காய்ச்சினால் தவறா? எதில் பிடிப்பது, எவ்வளவு பிடிப்பது? விமானத்தில் எப்படிக் கொண்டுவருவது? வீட்டில் எவ்வளவு காலம் கெடாமல் இருக்கும்? முதியவர்களையும் நோயாளிகளையும் அழைத்துப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்? தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள்.

உபதேசியார்:
முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடலாம். ஊற்றுத் தண்ணீர் வேறு, தீர்த்தம் வேறு. குருவானவர் செபம் சொல்லி மந்திரித்த தண்ணீர்தான் தீர்த்தம். கெபி ஊற்றில் வருவது, யாரும் மந்திரிக்காதவரை, தண்ணீர்தான். மாதா காட்சி கொடுத்த இடத்தில் சுரப்பதால் அதற்கு நாம் மரியாதை கொடுக்கிறோம், அதைத் தொட்டுச் செபிக்கிறோம். தீர்த்தமாகவும் வேண்டும் என்றால் பிடித்த பிறகு ஒரு குருவிடம் கொடுத்து மந்திரிக்கச் சொல்லுங்கள், மறுக்கமாட்டார்கள்.

லூர்து நிகழ்ச்சியே இதைக் காட்டுகிறது. 1858 பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை பெர்னதெத் என்ற சிறுமிக்கு மாதா கொடுத்தது 18 காட்சிகள். ஊற்று வெளிப்பட்டது 9-ஆம் காட்சியில், பிப்ரவரி 25 அன்று. போய்க் குடி, கழுவிக்கொள் என்று சொல்லப்பட்டதும் பெர்னதெத் முதலில் ஆற்றுப் பக்கம் திரும்பினாள். பிறகு கெபியின் உள்மூலைக்குப் போய் மண்ணைக் கையால் தோண்டினாள். வந்தது சேறு. மூன்று முறை அள்ளிக் கொட்டிவிட்டு, நான்காம் முறைதான் ஒரு மிடறு குடிக்க முடிந்தது. அந்தத் தண்ணீர் தெளிந்தது பிறகுதான். அதே ஆண்டு துலூஸ் நகர வேதியியல் பேராசிரியர் ஃபில்ஹோல் அதைச் சோதித்து, நோயைக் குணப்படுத்தும் தனிப் பொருள் எதுவும் இதில் இல்லை, அந்த மலைப்பகுதியின் சாதாரண ஊற்று நீர்தான் என்று அறிக்கை கொடுத்தார். திருச்சபை அந்த அறிக்கையை மறைக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

பாறைக்கசிவு:
உபதேசியார் சொன்னதற்குப் பிறகு "அப்படியே குடிக்கலாமா" என்பதற்கு வருகிறேன். மலை ஊற்று என்றாலே சுத்தம் என்று நினைப்பதுதான் பெரிய பிழை. ஊற்று என்பது மேலே பெய்த மழை மண்ணிலும் பாறை இடுக்கிலும் இறங்கி, கீழே ஒரு வாய் கிடைக்கும் இடத்தில் வெளியே வருவது. எவ்வளவு சுத்தமாக வரும் என்பது அது நடந்துவந்த வழியைப் பொறுத்தது. மணலும் சிதைந்த பாறையும் தடிமனாக உள்ள சரிவில் மெதுவாக ஊறி வந்தால் நன்றாக வடிகட்டப்படும். சுண்ணாம்புப் பாறையில் அப்படி இல்லை. அங்கே கரைந்து உண்டான குகைகளும் குழாய் போன்ற வெடிப்புகளும் உண்டு. மேலே மாடு மேய்ந்த இடத்துத் தண்ணீர் சில மணி நேரத்தில், அதிகம் போனால் ஓரிரு நாளில், கீழே ஊற்றுக்கண்ணில் வந்து நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய அடையாளம் ஒன்று: கனமழை பெய்த அன்றோ மறுநாளோ ஊற்று கலங்கி, நீர்வரத்தும் சட்டென்று கூடினால் அது மேல்மட்டத் தண்ணீர் கலக்கும் ஊற்று. அதைச் சுத்திகரிக்காமல் குடிக்கக் கூடாது. மழைக்கு அசையாமல், கோடையிலும் மழைக்காலத்திலும் ஏறத்தாழ ஒரே குளிர்ச்சியில், ஒரே அளவில் வந்தால் ஆழத்திலிருந்து வருகிறது. அதன்மேல் நம்பிக்கை கூடுதலாக வைக்கலாம். ஆனால் அதற்கும் சோதனை முடிவு வேண்டும். தெளிவாக இருப்பது சுத்தத்துக்குச் சாட்சி இல்லை. குடிநீரில் 100 மில்லியில் ஒரு ஈ.கோலை கிருமிகூட இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அது கண்ணுக்குத் தெரியாது.

திருத்தலத்தில் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு: கடைசியாகத் தண்ணீர் எப்போது சோதிக்கப்பட்டது, குழாய்க்கு வரும் முன் சுத்திகரிப்பு ஏதும் உண்டா. பதில் கிடைக்காவிட்டால் கையில் ஏந்தி நெற்றியில் பூசிக்கொள்ளுங்கள், குடிப்பதைக் காய்ச்சும்வரை தள்ளிவையுங்கள்.

செபமாலை:
பாறைக்கசிவு சொல்வது விஞ்ஞானமாகச் சரியாக இருக்கலாம். ஆனால் மாதா கொடுத்த தண்ணீரைக் காய்ச்சுவதும், மருந்து போடுவதும், கிருமி கொல்லப் புற ஊதாக்கதிர் விளக்கு வைப்பதும் மனசுக்கு ஒப்பவில்லை. தலைமுறை தலைமுறையாக அப்படியே குடித்தவர்கள் இருக்கிறார்கள். சுத்திகரித்தபிறகு அது ஊற்றுத் தண்ணீர்தானா?

செவிலி:
செபமாலை அக்கா, இது எல்லா யாத்திரைக் குழுவிலும் எழும் கேள்விதான். ஒன்றை நினைத்துப் பாருங்கள். இந்தத் தண்ணீரை அதிகம் தேடி வருகிறவர்கள் யார்? புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், சிறுநீரகம் மாற்றியவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள். நல்ல உடம்புக்காரருக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கோடு போகிற கிருமி, எதிர்ப்பு சக்தி இல்லாதவர்களை மருத்துவமனையில் சேர்த்துவிடும். அவர்களுக்காகத்தான் காய்ச்சச் சொல்கிறோம்.

முறை இதுதான். கலங்கலாக இருந்தால் முதலில் தெளியவிட்டு, சுத்தமான பருத்தித் துணியை நான்காக மடித்து வடிகட்டுங்கள். பிறகு கொதி நன்றாகப் பொங்கி வந்ததிலிருந்து ஒரு நிமிடம் விடுங்கள். 2000 மீட்டருக்கு மேல் உள்ள இடத்தில் மூன்று நிமிடம், ஏனென்றால் உயரே போகப் போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். 1800 மீட்டரில் சுமார் 94 டிகிரியிலேயே கொதி வந்துவிடும். மூடிவைத்து ஆறவிடுங்கள். விரலைவிட்டுச் சூடு பார்க்காதீர்கள், காய்ச்சியதற்கே பலன் இல்லாமல் போகும்.

குளோரின் மாத்திரை பாக்டீரியாவுக்குக் கேட்கும், குறைந்தது 30 நிமிடம் விடவேண்டும். ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக்கு அது போதாது. கால்நடை மேயும் மலையில் அது இருக்க வாய்ப்பு உண்டு. அதனால் நோயாளிகளுக்குக் காய்ச்சியதுதான். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு வாயில் ஒரு சொட்டுகூட வேண்டாம், நெற்றியில் சிலுவை வரைந்தால் போதும்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். திறந்த புண், அறுவைத் தையல், கண், சிறுநீர்க் குழாய் போட்ட இடம், இவற்றில் ஊற்றுத் தண்ணீரை நேராக விடாதீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு ஊற்றுத் தண்ணீர் மட்டும் குடிக்கிறேன் என்று யார் சொன்னாலும் உடனே தடுங்கள்.

உபதேசியார்:
செவிலியம்மா சொன்ன கடைசி வரியைத் திருத்தலங்களே சொல்லும். லூர்தில் 1883-இலிருந்து மருத்துவப் பதிவு அலுவலகம் இயங்குகிறது. குணமடைந்ததாகச் சொல்லி வந்தவர்கள் ஏழாயிரத்துக்கும் மேல். திருச்சபை புதுமை (அற்புதம்) என்று ஏற்றுக்கொண்டது 2025 வரை 72 மட்டுமே. அதிலும் எல்லாமே தண்ணீரைத் தொட்டதால் நடந்தவை அல்ல, நற்கருணைப் பவனியில் நடந்தவையும் உண்டு. மருந்தினால் குணமாகியிருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலே அந்த வழக்கு நிற்காது. இவ்வளவு கண்டிப்பாகத் தாயாம் திருச்சபையே பார்க்கும்போது, நாம் தண்ணீரை மந்திரப் பொருளாக்கக் கூடாது.

காய்ச்சுவது பற்றி: மரியாதை குறைகிறது என்றால், நற்கருணை அப்பத்துக்கு மாவை நெருப்பில் வைப்பதும் குறைவாகத்தான் இருக்க வேண்டும். குடிக்கச் சொன்னதும் கழுவச் சொன்னதும் தவமும் செபமுமாகத்தான். பச்சையாகக் குடி என்று எங்கும் சொல்லப்படவில்லை.

செபமாலை:
அப்பத்தைச் சொன்னது புரிகிறது ஐயா. வீட்டு நோயாளிக்குக் காய்ச்சுவதை ஏற்கிறேன். ஆனால் கெபியிலேயே ஒரு மிடறு குடிக்கும் வழக்கத்தைத் திருத்தலங்கள் நிறுத்தாமல் காக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை. அதற்காகவாவது தண்ணீரைச் சோதித்துப் பலகையில் எழுதி வைக்கட்டும்.

மலைப்படி:
சோதனை முடிவைத் தேதியோடு பலகையில் எழுதுவது நல்ல யோசனை. நான் ஏறுவது பற்றி எழுதுகிறேன்.

சலேத் திருத்தலம் பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் ஏறத்தாழ 1800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்து ஊர் கோர். அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர் வளைந்து ஏறும் சாலை. 1846 செப்டம்பர் 19 அன்று மெலானி, மாக்சிமின் என்ற இரண்டு மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு மாதா காட்சி கொடுத்த ஓடைச் சரிவுதான் இடம். மழைக்கும் பனி உருகலுக்கும் மட்டுமே சுரந்த ஊற்று, அதன்பிறகு வற்றவே இல்லை என்பது அந்தத் திருத்தலத்தின் வரலாறு. ஊற்று இருப்பது பேராலயத்தின் வாசலில் அல்ல, பக்கத்துச் சிறு பள்ளத்தில், அழும் மாதா சுரூபத்தின் அருகே. இறங்கிப் போய் மறுபடி ஏற வேண்டும். பேருந்தை விட்டு இறங்கியதும் வந்து சேர்ந்துவிட்டோம் என்று முதியவர்கள் வேகமாக நடப்பது இங்கேதான் நடக்கிறது.

அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆரோக்கியமானவர்களுக்குத் தலைசுற்றாது, கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இதய பலவீனம், ஆஸ்துமா, கடும் இரத்தசோகை உள்ளவர்களுக்கு வேறு கதை. அவர்கள் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் பிறகு இறங்கட்டும். 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு, ஆறரை டிகிரி குறையும். கோரில் 25 என்றால் மேலே 19, 20தான், காற்றடித்தால் இன்னும் குளிரும். ஸ்வெட்டர் பையில் இல்லை, கையில் இருக்கட்டும். குளிர்காலத்தில் சாலையில் பனி கிடக்கும், கிளம்பும் முன் வழி திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

எந்த ஊற்றிலும் ஆபத்தான இடம் மலைப்பாதை அல்ல, குழாயைச் சுற்றியுள்ள கடைசிப் பத்தடி. எப்போதும் ஈரம், கல்லில் பாசி, மேலே மெழுகு சிந்தியிருக்கும். தேய்ந்த ரப்பர் செருப்போடு போகாதீர்கள். வெறுங்காலோடு போக நேர்த்திக்கடன் என்றால் பாதம் முழுவதும் பதிய வையுங்கள், முன்பாதத்தில் ஊன்றாதீர்கள். நிறைந்த கேனை ஒரு கையில் தூக்கிக்கொண்டு திரும்பும்போதுதான் வழுக்குகிறது. பத்து லிட்டரை ஒரே கேனில் தூக்காமல் ஐந்து ஐந்தாக இரண்டு கையிலும் பிடித்தால் உடம்பு சாயாது.

கெபித்தொண்டர்:
குழாயடியில் நிற்கும் தொண்டர்கள் தினமும் பார்க்கும் தவறுகளை எழுதுகிறேன்.

குளிர்பான பாட்டிலைக் கழுவாமல் கொண்டுவருவது முதல் தவறு. சர்க்கரை ஒட்டியிருந்தால் மூன்றாம் நாள் தண்ணீர் வழவழப்பாகும். வீட்டிலேயே சுடுநீரும் சோப்பும் போட்டுக் கழுவி, நன்றாக அலசி, கவிழ்த்து முழுவதும் காயவைத்து, மூடிபோட்டுக் கொண்டுவாருங்கள். இங்கே ஊற்றுத் தண்ணீரிலேயே கால் பாட்டில் பிடித்துக் குலுக்கி, இரண்டு முறை கொட்டிவிட்டுப் பிடியுங்கள். கொட்டுவதைச் செடிப் பக்கம் கொட்டுங்கள், படியில் வேண்டாம். பாட்டில் வாயைக் குழாயில் முட்டவிடாதீர்கள். மூடியைத் தரையில் வைக்காமல் உள்பக்கம் தொடாமல் விரலிடுக்கில் பிடியுங்கள். அந்த மூடிதான் கிருமி ஏறும் வழி.

திறந்த தொட்டியாக இருந்தால் உங்கள் சொம்பை அதற்குள் முக்காதீர்கள். விழும் தாரையில் பிடியுங்கள். கால் அலம்ப வேண்டும் என்றால் வழிந்து ஓடும் இடத்தில், சோப்பு இல்லாமல். நாணயம் போடுவது காணிக்கை ஆகாது. உலோகம் தண்ணீரில் அரிக்கும், வடிகாலை அடைக்கும். காணிக்கைப் பெட்டி பக்கத்திலேயே இருக்கும்.

அளவு: ஒரு குழாயில் நிமிடத்துக்கு 6 லிட்டர் வந்தால் ஐந்து லிட்டர் கேன் நிறைய 50 வினாடி, இருபது லிட்டர் கேனுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல். பின்னால் 40 பேர் ஆளுக்கு இருபது லிட்டர் கேனோடு நின்றால் கடைசி ஆளுக்கு இரண்டு மணி நேரம். ஒரு குடும்பத்துக்கு இரண்டு லிட்டர் தாராளம். உறவினருக்குக் கொடுக்க 50 மில்லி குப்பிகள் போதும், இரண்டு லிட்டரில் 40 குப்பி வரும்.

பயணப்பை:
லூர்தில் இப்போது குளியல் தொட்டியில் இறங்க முடியுமா? பழைய குறிப்புகள் ஒரு மாதிரியும் புதியவை வேறு மாதிரியும் சொல்கின்றன.

கெபித்தொண்டர்:
பழைய முறை: கல்தொட்டி, சுமார் 12 டிகிரிக் குளிர்நீர், இருபக்கமும் தொண்டர்கள் பிடித்துக்கொள்ள, சில வினாடி அமிழ்ந்து எழுவது. துவட்டிக்கொள்ளாமல் அப்படியே உடை மாற்றுவது வழக்கம். 2020-இல் பெருந்தொற்றால் அது நின்றது. அதற்குப் பதிலாக வந்தது "தண்ணீர்ச் சடங்கு": தொண்டர் குவளையிலிருந்து உங்கள் கையில் ஊற்றுவார், கையைக் கழுவி, முகத்தைக் கழுவி, மீண்டும் ஏந்திக் குடிக்க வேண்டும். மாதா பெர்னதெத்திடம் கேட்டது இந்த அளவுதான் என்பதால் இதில் குறையொன்றும் இல்லை. முழுக்கு உண்டா, எந்த நாள், எந்த நேரம் என்பதைக் கிளம்பும் வாரத்தில் திருத்தலத்தின் அறிவிப்பில் பாருங்கள். இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், வலிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் 12 டிகிரியில் இறங்க வேண்டாம்.

ஊற்றுக்கண்ணைப் பார்க்க விரும்பினால் கெபியின் உள்ளே கண்ணாடி மூடி, விளக்கு போட்டிருக்கும். குனிந்து பார்க்கலாம், தொட முடியாது. குழாய்களுக்கு அங்கிருந்துதான் தண்ணீர் போகிறது. பிடிக்கக் கட்டணம் கிடையாது, வெளியே கடையில் விற்பது பாட்டிலுக்கான விலை.

பாறைக்கசிவு:
அந்த ஊற்றின் வரத்து நிமிடத்துக்கு 17 முதல் 72 லிட்டர் வரை மாறும் என்கிறார்கள். குறைந்த நாளில் 24 மணி நேரத்துக்கு 24,480 லிட்டர்தான். அத்தனை யாத்திரிகர்களுக்கும் நேரடியாகக் கொடுக்க முடியாது, அதனால்தான் இரவெல்லாம் தொட்டியில் சேர்த்துப் பகலில் விடுகிறார்கள்.

சிறு திருத்தலங்களின் பொறுப்பாளர்கள் இந்த இழையைப் படித்தால் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் ஊற்றை நீங்களே அளக்கலாம். பத்து லிட்டர் வாளி நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 600-ஐ அந்த வினாடியால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வரும். மாதம் ஒருமுறை அதே தேதியில் எழுதிவையுங்கள். இரண்டு ஆண்டுக் கணக்கு கையில் இருந்தால் மேலே ஆழ்துளைக் கிணறு போட்டதால் குறைந்ததா, மழை குறைந்ததால் குறைந்ததா என்று பேச முடியும்.

பெரிய நாசம் வருவது கட்டடப் பணியில். அழகுக்காக ஊற்றுக்கண்ணைச் சுற்றிச் சிமெண்ட் சுவர் எழுப்பி, தண்ணீர் மட்டத்தை இரண்டு அடி உயர்த்துகிறார்கள். உயர்ந்த தண்ணீர் ஊற்றுக்கண்மேல் எதிரழுத்தம் கொடுக்கும். உள்ளே வரும் நீர் எளிதான வேறு வெடிப்பைத் தேடிப் போய்விடும். பிறகு சுவரை இடித்தாலும் பல சமயம் திரும்பி வராது. வெளியேறும் குழாயை ஊற்றுக்கண்ணின் இயற்கை மட்டத்துக்குக் கீழே வையுங்கள், நிரம்பி வழியும் குழாயையும் அப்படியே வையுங்கள். ஊற்றுக்கண்ணருகே வெடி வைக்கக் கூடவே கூடாது. சுற்றிலும் கழுவிய சரளைக்கல் அடுக்கி, மேலே பூட்டும் மூடி போட்டு, மேல்சரிவில் மழைநீரைத் திருப்பிவிட ஒரு வாய்க்கால் வெட்டி, கால்நடை ஏறாமல் வேலி போட்டால் பாதி வேலை முடிந்தது. கழிப்பறையை ஊற்றுக்கு மேல்சரிவில் கட்டாதீர்கள். 30 மீட்டர் தள்ளினால் போதும் என்பார்கள். சுண்ணாம்புப் பாறையில் அது போதாது, கீழ்ச்சரிவில்தான் கட்ட வேண்டும்.

சோதனைக்கு மாதிரி எடுப்பவர்கள் ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டிலிலேயே எடுங்கள். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். தாமதித்தால் முடிவு உண்மையைச் சொல்லாது. கோடையில் ஒன்று, முதல் கனமழைக்கு மறுநாள் ஒன்று என்று இரண்டு சோதனையாவது கட்டாயம்.

மலைப்படி:
விமானம் பற்றி யாரும் சொல்லவில்லை. கைப்பையில் பொதுவாகக் குப்பிக்கு 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும் பையில் அடங்க வேண்டும். 200 மில்லிக் குப்பியில் பாதிதான் இருக்கிறது என்றாலும் எடுத்துவிடுவார்கள், குப்பியின் கொள்ளளவுதான் கணக்கு. மாதா உருவத்தில் வரும் நீலமூடி பிளாஸ்டிக் குப்பிகளை வாங்கும் முன் அளவு பாருங்கள். அந்த மூடிகள் பெரும்பாலும் கசியும்.

பெரிய பாட்டிலைப் பெட்டியில் போடுங்கள். பறக்கும்போது அழுத்தம் குறைவதால் உள்ளே உள்ள காற்று விரிந்து மூடி வழியாகத் தண்ணீரைத் தள்ளும். பாட்டிலை லேசாக அமுக்கிக் காற்றை வெளியேற்றி அப்படியே மூடுங்கள். மூடியைச் சுற்றி டேப், இரண்டு பிளாஸ்டிக் உறை, நடுவில் துணி. கண்ணாடி வேண்டாம். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதை எடைக்கணக்கில் மறக்காதீர்கள்.

செவிலி:
வீட்டில் வைப்பது: பச்சை நிறம் வருவது பாசி, அதற்கு வெளிச்சம் வேண்டும். பூசை மேடையில் சன்னல் ஓரம் வைத்த பாட்டில்தான் பச்சையாகும். இருட்டான அலமாரியில், துணி சுற்றி வையுங்கள். பச்சையான பாட்டிலைக் குடிக்கக் கொடுக்காதீர்கள், காய்ச்சியும் வேண்டாம். குடிப்பதற்கு என்று எடுத்ததைத் திறந்ததும் குளிர்பெட்டியில் வைத்து மூன்று நாளுக்குள் முடியுங்கள். நெற்றியில் பூச வைத்திருப்பது மாதக்கணக்கில் இருக்கலாம். இரண்டுக்கும் தனித்தனிப் பாட்டில், மேலே தேதி.

செபமாலை:
இரண்டு சிறு கேள்வி. நற்கருணை வாங்கும் முன் ஒரு மணி நேர உபவாசத்தில் ஊற்றுத் தண்ணீர் குடிக்கலாமா? மீந்ததை எங்கே ஊற்றுவது?

உபதேசியார்:
குடிக்கலாம் அம்மா. தண்ணீரும் மருந்தும் அந்த உபவாசத்தை முறிக்காது. மந்திரித்திருந்தால் சாக்கடையில் ஊற்றாமல் செடி வேரிலோ யாரும் மிதிக்காத மண்ணிலோ ஊற்றுங்கள். மந்திரிக்காவிட்டாலும் அப்படியே செய்வது நல்ல பழக்கம். ஞானஸ்நானத்துக்கு இதை வைத்திருப்பவர்களும் உண்டு. உண்மையான இயற்கைத் தண்ணீர் என்பதே சட்டம் கேட்பது, ஆகவே செல்லும். ஆனால் குழந்தையின் தலையில் ஊற்றுவதால் பாசி பிடித்த பழையதைக் கொடுக்காமல், காய்ச்சி ஆறவைத்து, வெதுவெதுப்பாகச் சின்னக் குடத்தில் முன்கூட்டியே பங்குத்தந்தையிடம் சேர்த்துவிடுங்கள்.